அணில் கடிச்ச கொய்யா

அணில்தான் நர்சம்மா. வவ்வால்னு நீங்களா எழுதிக்கிடாதிய. நான் அணில் அணில்ங்கேன், நீங்க ம்ம் ம்ம்ங்கிய, கை அது பாட்டுக்கு வவ்வால்னு எழுதுது. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நினைப்பு போல. பேப்பர்ல தலைப்பு எழுத்தெல்லாம் இங்க இருந்தே வாசிச்சிருவேன். மொதல்ல அதை அடிங்க, பெறவு பேசுவோம்.

அடிக்க மாட்டியளா? சரி, கெடக்கட்டும். உங்களச் சொல்லிக் குத்தம் இல்ல. மேல இருக்கவன் கேக்கான், நீங்க எழுதுதிய.

முகத்துல கட்டியிருக்கதக் கழத்த வேண்டாம். கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, அது போதும். அந்தச் சேர்ல உக்காருங்க. பயப்படாதிய, தள்ளித்தான் கெடக்கு. மூத்த மருமவ கலாவதி தொடப்பத்த வச்சு அளந்து போட்டிருக்கா. இங்க இருந்து ரெண்டு தொடப்பம் நீளம். எனக்குத் தட்டு தனி, தம்ளர் தனி, சோப்பு தனி. நான் பெத்த மூத்தவன் முருகையா, நடையில நின்னுக்கிட்டு எட்டிப் பாத்து, எம்மா சாப்பிட்டியாங்கான். எனக்குக் காய்ச்சல் இருக்கா? நீங்கதான் நெத்தியில துப்பாக்கி மாதிரி ஒண்ண நீட்டிப் பாத்தியளே. இருமல் இருக்கா? தலவலி இருக்கு. அது இவுங்களால வந்தது, அதையும் எழுதிராதிய.

இந்த வார வெள்ளிக்கிழமை எங்க சின்ன மருமவ சொர்ணாவுக்கு வளைகாப்பு. உங்களுக்குத் தெரியாததா, நீங்கதான மாசாமாசம் எடை பாத்து மாத்திரை குடுத்திய. என் தம்பி மவ அவ. நான் அவளுக்கு மாமியாரும் ஆச்சு, சொந்த அத்தையும் ஆச்சு. வேப்பங்கொழுந்த வளைச்சு மொதக் காப்பு போட வேண்டிய கை இந்தக் கை. விசேசம் அவ அம்மை வீட்டுல, அந்த வீட்டுக்கு நான் வரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாவ. ஒரேயடியா வரக் கூடாதுன்னு இல்லையாம். நர்சு வந்து பாத்து, போகலாம்னு சொன்னா வரலாமாம். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். நீங்க என்னடான்னா வந்து உக்காந்து வவ்வால்னு எழுதுதிய.

மொதல்ல இருந்து சொல்லுதேன். குறுக்க கேக்காதிய, எனக்கு விட்டுப் போயிரும்.

பின்னால குழாயடியில ஒரு கொய்யா நிக்குல்லா, அது இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினப்போ வந்த கன்னு. என் தம்பி வேலாயுதம் கொண்டாந்தான், சொர்ணாவோட அப்பன். கட்டிலு, அண்டா, குத்துவிளக்குன்னு தாய்மாமன் சீரெல்லாம் எறக்கி வச்சிட்டு, கடைசியில ஒரு கவருக்குள்ள இருந்து இதை எடுக்கான். என்னல இதுன்னேன். உனக்குப் பல்லு போறதுக்குள்ள காய்ச்சிரும்க்கான்னான். காய்ச்சிருச்சு. பல்லுதான் நிக்கல. மிச்சம் மேல ரெண்டு, கீழ ரெண்டு, எல்லாம் முன்னால. முருகையா தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயி செட்டு கட்டிக் குடுத்தான். அது டப்பாவுல தண்ணிக்குள்ள சிரிச்சிக்கிட்டுக் கெடக்கு. வாயில போட்டா என் வாயில வேற யாரோ பேசுத மாதிரி இருக்கு.

உங்க ஊர்ல எப்படியோ, எங்க பக்கம் அணில் கடிச்ச பழம்னா அதுக்குத் தனி மதிப்பு. மரம் நிறையத் தொங்கினாலும், இனிக்குதது எதுன்னு அதுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது, நாம மஞ்சளா இருக்கதப் பாத்து ஏமாந்து போவோம். நாங்க படிக்கையில பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு ஆளு சாக்க விரிச்சுப் போட்டுக் கொய்யா விப்பாரு. அணில் கடிச்சதுன்னா கூடக் காசு. அதுக்குத்தான் நாங்க அடிச்சுக்கிடுவோம். ஒருநாள் எங்க கணக்கு வாத்தியார் சீக்கிரமா வந்திருக்காரு. பாத்தா, அந்த ஆளு மதில் ஓரமா உக்காந்து, கருவேல முள்ள வச்சு ஒவ்வொரு பழமாக் கீறிக்கிட்டு இருக்காரு. அத்தனை நாளும் நாங்க அணில் கடிச்சதுன்னு நினைச்சு முள்ளு கடிச்சதத் தின்னிருக்கோம். ஆனா இனிக்கத்தான் செஞ்சுது. அந்த வாத்தியாரு பெறவு எங்க சித்தப்பா மவளையே கட்டினாரு, அது வேற கதை. அவ அவரப் படுத்தின பாடு இருக்கே. சரி, எங்க விட்டேன்.

ஆங், சொர்ணா. மாசம் ஏற ஏற எல்லாருக்கும் பசி எடுக்கும், இவளுக்கு ஒண்ணும் பிடிக்கல. சோறக் கண்டா மூஞ்சியத் திருப்புதா. எங்க சின்னவன் இசக்கிராசா திருப்பூர்ல இருந்து தெனமும் போன் போட்டு, எம்மா அவ சாப்பிட்டாளா, எம்மா அவ சாப்பிட்டாளாங்கான். பெத்தவ சாப்பிட்டாளான்னு ஒரு நாள் கேட்டிருப்பானா? அது இருக்கட்டும். ஒருநாள் காலையில குழாயடிக்குப் போறேன், நல்ல மஞ்சளா ஒண்ணு தொங்குது, ஒரு பக்கம் கடி. பறிச்சாந்து குடுத்தேன். அவ கேட்டுத்தான் குடுத்தேன். கேட்டான்னா, வாயத் தொறந்து குடுங்கன்னு கேக்கல. கொய்யா மணம் வருதே அத்தைன்னா. அது கேட்டதுதான?

கையில குடுத்ததும், கடிச்சிருக்கே அத்தைன்னு தள்ளி வச்சா. ஏ புள்ள, போளா, இதுக்காகத்தான் நாங்க அடிச்சுக்கிட்டுக் கெடந்தோம்னேன். கத்திய எடுத்தா, கடிச்ச எடத்த மட்டும் அரிஞ்சு போடப் போனா. இனிப்பே அங்கனதான இருக்குன்னு கத்திய வாங்கி வச்சிட்டேன். என் மூஞ்சியப் பாத்தா, பழத்தப் பாத்தா, தின்னுட்டா. நல்லாருக்கு அத்தைன்னா. நல்லாருக்குன்னாளா இல்லையான்னு நீங்களே அவகிட்டக் கேட்டுப் பாருங்க.

அதுக்குப் பெறவுதான் டிவியில வந்துது. மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊருல புதுக் காய்ச்சலாம். வவ்வால்ல இருந்து வருதாம். வவ்வால் கடிச்ச பழத்தத் தொடப்படாதாம். பெட்டிக்குள்ள ஆறு கட்டம் போட்டு ஆறு பேரு உக்காந்திருக்கான். ஒருத்தன் பயப்படணும்ங்கான். இன்னொருத்தன் பயந்தாத்தான் நோயே வரும்ங்கான். நடுவுல ஒருத்தன் ரெண்டு பேரையும் பேச விட மாட்டேங்கான். கீழ பட்டையில, யாரும் பீதி அடைய வேண்டாம்னு எழுத்து ஓடுது. அதுக்குப் பின்னால பேய்ப் படத்துக்குப் போடுத பாட்டப் போடுதான். நான் எழுத்த நம்பவா, பாட்ட நம்பவா?

முருகையா இருக்கானே, காலையில பேப்பரப் பாத்துப் பயப்படுவான். மத்தியானம் எவனோ செல்லுல அனுப்பினதப் பாத்து தைரியமாயிருவான். சாயந்தரம் டிவி போட்டா மறுபடியும் வேர்க்கும். எதிர்வீட்டு ஞானதிரவியம், கரண்டு ஆபீசுல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, அவரு ஒரே நெலையில பயந்தாரு. அதுக்கு அவர மெச்சணும். கிணத்துக்கு வலை, தொட்டிக்கு வலை, வாழைத்தாருக்குச் சாக்கு. வீட்டு முருங்கைக்காய்க்கு உறை தச்சுப் போட்ட ஆள எங்கயாவது பாத்திருக்கியளா? டீக்கடையில அதுக்கு எதிர்க் கூட்டம். எல்லாம் மருந்து விக்கதுக்கு நடத்துத நாடகம்ங்கான், போன தடவையும் இப்படித்தான மெரட்டுனானுவங்கான். போன தடவை வீட்டுல சாவு விழுந்தவன் பக்கத்துல உக்காந்து, ஆமா ஆமான்னு தலைய ஆட்டிக்கிட்டு வடை திங்கான்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் நர்சம்மா. எம்புட்டுப் பயப்படணும்? இம்புட்டுன்னு ஒருத்தன் சொல்ல மாட்டேங்கான். சாம்பாருக்கு உப்பு போடுதோம், அளந்தா போடுதோம்? கை சொல்லும், போதும்னு. இதுக்கும் அப்படி ஒரு அளவு இருக்கணும்லா. நீங்க படிச்சவிய, நீங்க சொல்லுங்க. பயம் வேண்டாம், எச்சரிக்கையா இருந்தாப் போதும்ங்கியளா? ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு, அதச் சொல்லுங்க. பயம் இல்லாதவன் எச்சரிக்கையா இருப்பானா? ஒரு வாரமா எங்க தெருவுல ஞானதிரவியத்துக்கும் டீக்கடைக்கும் நடுவுல நின்னு நான் இதத்தான் கேக்கேன். ரெண்டு பக்கமும் என்னைய ஏசுதான்.

இந்தச் சண்டையில, சொர்ணா பழம் தின்ன கதைய எங்க கலாவதி போன்ல சொர்ணாவோட அம்மைகிட்டயே சொல்லிட்டா. வேணும்னு சொல்லல, வாய் நீளம். அந்த அம்மை ஆவுடை, என் தம்பி பொண்டாட்டி, மறு மணிநேரத்துல கார் பிடிச்சுக் கடையநல்லூர்ல இருந்து வந்து நிக்கா. செருப்பக் கழத்தல. ஒரு வாய் தண்ணி குடிக்கல. வளைகாப்பு போட்டு நாமதான அனுப்பி வைக்கணும், அதுக்கு முன்னால கூட்டிட்டுப் போனா பாக்குதவன் என்ன நினைப்பான்னேன். ஒண்ணும் ஆவாது ஆவுடை, அணில் கடிச்ச பழம்தான்னேன். அவ சொர்ணாவோட துணிமணிய மடிச்சுக்கிட்டே இருந்தா. வாசப்படி எறங்கும்போதுதான் திரும்பினா.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னிய மதினி."

அம்புட்டுதான். காருல ஏறிப் போயிட்டா.

எதைச் சொல்லுதான்னு எனக்கு இன்னும் வெளங்கல. பால்காய்ப்பச் சொல்லுதாளோ என்னமோ. அப்பவும் இதே கூத்துதான் ஓடிக்கிட்டு இருந்துது, கொரோனா. அடைப்பு கொஞ்சம் எடுத்து விட்ட நேரம். வேலாயுதம் போன் போட்டான். எக்கா, ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ, வரட்டுமா வேண்டாமான்னான். தாய்மாமன் இல்லாம முருகையா பால் காய்ச்சணுமால, ஒண்ணும் ஆவாது, வான்னேன். வந்தான். பாயசம் ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சான். அந்தக் கொய்யாவ அவன் கையாலயே நட்டுத் தண்ணி ஊத்தினான். ஊருக்குப் போனவன் அந்த வாரமே படுத்தான். பெரியாஸ்பத்திரியில இருந்து கவர்ல சுத்தித்தான் குடுத்தாவ. முகத்தக் காட்டல. நான் தெருமுக்குல நின்னு வண்டியப் பாத்தேன்.

அவனுக்கு எங்க ஒட்டிச்சுன்னு யாரு கண்டா? பஸ்லயா, அந்தச் சீர்சாமான் வாங்கின கடையிலயா? இங்க வந்த மத்த ஆளு எல்லாம் நல்லாத்தான இருந்தாவ. அப்படி எம்மேல கோவம்னா, பெறவு எம் மவனுக்குப் பொண்ணக் குடுப்பாளா? குடுத்தாள்லா. அப்ப அது இல்ல. வேற எதையோ சொல்லுதா.

சரி, மரத்துக்கு வாரேன்.

சொர்ணா போன பெறவு தெருவுல கதை வேற மாதிரி ஆயிட்டு. மாசமா இருக்க புள்ளைய வவ்வாலுக்குப் பயந்து தூக்கிட்டுப் போயிட்டாவளாம், அப்ப அந்த மரத்துல ஏதோ இருக்குன்னு. ஞானதிரவியம் பத்துப் பதினஞ்சு பேரச் சேத்துக்கிட்டு நம்ம வாசலுக்கே வந்துட்டாரு. அக்கா, தெருவோட நன்மைக்குச் சொல்லுதேன், மரத்த வெட்டிருங்கன்னாரு. டீக்கடைக் கூட்டமும் வேடிக்கை பாக்க வந்துட்டு. வெட்டப்படாதுன்னு அவன். வெட்டணும்னு இவன். எம் மவன் முருகையா ரெண்டு பக்கமும் பாத்து, ரெண்டும் சரிதான்னு நிக்கான். மரம் யாருது, யாரு நட்டதுன்னு ஒருத்தன் கேக்கல. சொர்ணா எப்படி இருக்கான்னும் ஒருத்தன் கேக்கல.

எனக்குக் கோவம் வந்துட்டு. உள்ள போனேன். அணில் கடிச்ச பழத்த ஒரு தட்டுல வச்சுக் கொண்டாந்து எல்லாருக்கும் காட்டினேன். இந்தா பாருங்க, கடி தெரியுதா, தெரியுதான்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் காட்டினேன். ஞானதிரவியம், அக்கா வேண்டாம், சொன்னாக் கேளுங்கன்னு கையப் பிடிக்க வந்தாரு. தொட்டா ஒட்டிருமோன்னு பாதியிலயே கைய மடக்கிக்கிட்டாரு. அத்தனை பேருக்கு முன்னால, கடிச்ச பக்கத்துல இருந்தே ஆரம்பிச்சு, விதையோட முழுங்கி, வாயத் தொறந்து காட்டினேன். டீக்கடைக்காரன் கைதட்டினான். ஞானதிரவியம் மூஞ்சி சுண்டிப்போச்சு. மரமும் நின்னுட்டு.

எவனோ அதச் செல்லுல பிடிச்சிருக்கான். எனக்குத் தெரியாது. சாயந்தரத்துக்குள்ள ஊரெல்லாம் போயிட்டு. கடிச்ச எடத்துல செவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒப்பாரி மாதிரி ஒரு பாட்டச் சேத்து விட்டிருக்கான். துபாயில இருந்து ஒருத்தன், ஆச்சி கெத்துன்னு போட்டிருக்கானாம். இன்னொருத்தன், இந்தக் கெழவியப் பிடிச்சு உள்ள போடுங்கன்னு. எங்க இசக்கிராசா போன் போட்டு, எம்மா உனக்கு என்ன கேடுன்னான். நான் செஞ்சது எதுக்கு? கடிச்ச பழம் தின்னா ஒண்ணும் ஆவாதுன்னு ஆவுடை தெரிஞ்சுக்கிடணும், புள்ளையத் திருப்பி அனுப்பணும்னுதான. அவ அந்த வீடியோவப் பாத்துட்டு, மதினிக்கும் இப்ப அந்தப் பழம் உள்ள போயிட்டு, நோய் வருதான்னு பாக்குத கெடு முடியட்டும், இல்ல நர்சு வந்து பாத்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் எம் மவ பக்கத்துல வர வேண்டாம்னு சொல்லி விடுதா. அவளுக்காகத் தின்னேன், அதைக் காட்டியே என்னைய ஒதுக்கி வைக்கா. இது எந்த ஊரு நியாயம்?

இந்தப் பல்லையும் ஒரு பார்வை பாருங்க நர்சம்மா. மேல இருக்கதுல வலது பக்கம். அன்னைக்குல இருந்து ஆடுது. அந்தப் பழம் கொஞ்சம் காய்வெட்டு, சரியாப் பழுக்கல. வெளிய கூட்டம் கத்துது, நான் அடுப்படியில நின்னு கடிக்கேன், தோலு வழுக்குது. செட்டப் போட்டுக் கடிச்சா மனுசன் கடிச்ச மாதிரி முழுசா வட்டமா வருது. அதான் அதக் கழத்தி வச்சிட்டு, இந்த ரெண்டாலயும் சின்னச் சின்னதா, அணில் மாதிரியே கொறிச்சு...

என்ன அப்படிப் பாக்குதிய?

நான் என்ன சொன்னேன் இப்ப? பேனாவக் கீழ வையுங்க. கீழ வையுங்க சொல்லுதேன்.

சிரிக்காதிய. வாய மூடியிருந்தாலும் கண்ணு சிரிக்கது தெரியுது. வேற என்ன செய்யச் சொல்லுதிய? முருகையா முந்தின நாளே கீழ கெடந்தது, கடிச்சது எல்லாத்தையும் கூட்டி அள்ளி, குழி தோண்டிப் போட்டு பிளீச்சிங் பவுடரக் கொட்டிட்டான். வாசல்ல அத்தனை பேரு நிக்கான். அந்த நேரத்துல அணிலப் பிடிச்சுக் கொண்டாந்து கடி கடின்னு சொல்லவா முடியும்?

ஒண்ணு கூடவா கெடக்கலன்னு கேக்கிய.

கெடந்துது. ஒண்ணு. காலையில புதுசா விழுந்தது, குழாயடியில. நல்ல பழம். பாதி தின்னு கெடந்துது. பக்கத்துல சக்கை. வாயில போட்டுச் சப்பி, சாற உறிஞ்சிட்டு, உருட்டித் துப்பின சக்கை. அணில் சப்பித் துப்பாதுன்னு நீங்க சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். குனிஞ்சேன். கைய நீட்டினேன் நர்சம்மா, நீட்டலன்னு சொல்லல. கை நின்னுட்டு. நான் நிறுத்தல, அதுவா நின்னுட்டு.

பயந்து இல்ல. வளைகாப்பு வருது, எனக்கு ஏதாவது ஆயிட்டுன்னா மொதக் காப்பு யாரு போடுதது? அத நினைச்சுத்தான். அதுக்குப் பேரு என்னன்னா கேக்கிய? அதுக்குப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. மரத்துல கடி படாத ஒண்ணப் பறிச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

சொர்ணாவுக்குக் குடுத்ததா? அதுக்குக் கீழ சக்கை கெடக்கல. நான் பாத்தேன். பாத்தேன்னுதான் நினைக்கேன். அன்னைக்கு அதெல்லாம் பாக்கணும்னு யாரு கண்டா? மணமா இருந்துது, பறிச்சேன். அந்தப் புள்ள அரிஞ்சு போட்டுட்டுத் தின்னுதேன்னுதான சொல்லிச்சு. கத்திய நான்தான் வாங்கி...

அவளுக்கு ஒண்ணும் இல்லையே? அந்த ஊரு நர்சுகிட்ட நேத்து பேசினேன்னு வந்ததும் சொன்னியளே. இன்னொரு தடவ சொல்லுங்க. காய்ச்சல் இல்ல. சரி. புள்ளத் துடிப்பு? நல்லாருக்கு. அவளுக்குச் சொன்ன கெடு முடிஞ்சிட்டா? முந்தாநாளே முடிஞ்சிட்டா? சத்தமாச் சொல்லுங்க, அந்தத் துணிக்குள்ள இருந்து கேக்கல. ஆங். சரி. சரி.

அந்தச் சொம்ப இப்படித் தள்ளி வையுங்க, ஒரு மொடக்கு தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

அப்ப நான் போகலாம்லா? கடிச்ச பழமே நான் தின்னலையே. அது என் சொந்தக் கடிதான. உங்க வாயால ஆவுடைகிட்டச் சொல்லிருங்க, மதினிக்கு ஒண்ணும் இல்லன்னு. ஏன் முடியாது? காய்ச்சல் இல்லன்னு மட்டும்தான் சொல்லுவியளா? கடிச்சது யாருன்னு நான்தான் சொல்லணுமா? அது எப்படிச் சொல்லுவேன். ஞானதிரவியம் காதுக்குப் போனா, ஆயுசு முழுக்க என்னைய அணிலக்கான்னுதான் கூப்பிடுவாரு. டீக்கடைக்காரன் அன்னைக்குல இருந்து எனக்குக் காசு வாங்காமத் தெனமும் டீ குடுத்து விடுதான், அதும் போச்சு. அதுகூடப் போகட்டும். மரம் போயிரும். அக்காவே பயந்துட்டா, வெட்டுன்னு வந்து நிப்பானுவ.

வெட்ட வேண்டாம், வலை போட்டாப் போதுமா? கடிச்சதையும் கீழ விழுந்ததையும் தொடாம, நல்லதக் கழுவித் திங்கலாமா? இத நீங்க ஞானதிரவியத்துக்கிட்டச் சொல்லுவியளா? எழுதியும் குடுப்பியளா? இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு இந்தப் பல்லப் போட்டு வதைக்கப் போறேன். அம்புட்டு பேரு டிவியில உக்காந்து கத்தினானே, இத ஒருத்தன் சொன்னானா? சொல்லியிருப்பான்ங்கியளா? சொல்லியிருந்தாலும் அந்தப் பாட்டுச் சத்தத்துல எங்க கேக்க?

ஆனா ஆவுடை நம்ப மாட்டா. நான் போன் போட்டா எடுக்க மாட்டா. எடுத்தாலும், நானே கொறிச்சேன்னு சொன்னா, காப்பு போடுததுக்காகப் பொய் சொல்லுதேன்னுதான் நினைப்பா. ஒண்ணும் ஆவாதுன்னு நான் சொல்லி அவ நம்புத காலம் போயிட்டு. அந்த வீடியோவ நம்பினாள்லா, அது மாதிரி கண்ணால பாத்தாத்தான் நம்புவா.

நீங்க செல்லுல பிடிப்பியளா? கூடாதா, சட்டமா? சரி, கலாவதி பிடிக்கட்டும். அவ வாய்க்கு ஏத்த வேலை, அரைமணிநேரத்துல கடையநல்லூர் என்ன, துபாய்க்கே போயிரும். ஆவுடை, இந்தா பாரு, இப்படித்தான் கடிச்சேன், அணிலும் இல்ல வவ்வாலும் இல்ல, எனக்கும் பயமாத்தான் இருந்துதுன்னு சொல்லிருதேன். சிரிக்கவன் சிரிச்சுட்டுப் போறான்.

வேற எதுவும் அவகிட்டச் சொல்லணுமான்னா கேக்கிய? வேற என்ன இருக்கு.

அத விடுங்க. அது செல்லுல சொல்லுதது இல்ல.

ஏ கலாவதி. கலாவதி. பின்னால போயி ஒரு கொய்யா பறிச்சுக் கொண்டா. கீழ கெடக்கதத் தொடாத. மரத்துல இருந்து, ஒரு கீறல் கூட இல்லாததா, சுத்திப் பாத்துப் பறி. நல்லாக் கழுவிக் கொண்டா. ஆமா, நான்தான் சொல்லுதேன், கழுவு. அப்படியே உன் செல்லையும் எடுத்துட்டு வா. பல்லு டப்பா வேண்டாம், அது அங்கனயே இருக்கட்டும்.